இரண்டு வரிசையில் நிற்கும் கணவன் மனைவி

பாலக்கோட்டைச் சேர்ந்த பெண் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். கணவர் ஜெர்மன் குடிமகன். கணவரின் பெற்றோர் கானாவிலிருந்து அங்கே போய்க் குடியேறிய கறுப்பின மக்கள். சென்ற ஆண்டு தருமபுரியில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி இருவரும் பதிவு செய்துகொண்டார்கள். வரும் கோடையில் துபாயில் இரண்டு நாள் தங்கி, ஜெர்மனியில் மாமனார் வீட்டில் மூன்று வாரம் இருந்து, நடுவில் நான்கு நாள் பாரிஸ் பார்க்கப் போகிறார்கள். அடுத்த ஆண்டு மலேசியா. எங்கெங்கே நிறுத்துவார்கள், கையில் என்னென்ன இருக்க வேண்டும், யாராவது முகத்துக்கு நேரே ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள். போகாமல் இருந்தால் என்ன என்று அப்பா தினமும் போன் செய்து கேட்பதாகவும், சம்பந்தி வீட்டுக்கு மாம்பழம் கொடுத்தனுப்பலாமா என்று அம்மா கேட்பதாகவும் கடைசியில் சேர்த்திருக்கிறார்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். கிருஷ்ணகிரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விசா, விமான டிக்கெட் வேலைகளைச் செய்து கொடுத்து வருகிறேன். என் மனைவி நெதர்லாந்து நாட்டவர். பயணத்தில் உங்கள் இருவரையும் இரண்டு தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று பாஸ்போர்ட், மற்றொன்று தோல். எங்களுக்கு இரண்டு தராசும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும்: என் மனைவியின் பாஸ்போர்ட்டுக்கும் மதிப்பு, நிறத்துக்கும் மதிப்பு, ஓரமாக நிற்பதெல்லாம் நான்தான். உங்கள் விஷயத்தில் அவை எதிரெதிராகச் சாயும். விசா கவுண்டரில் நீங்கள் மாதக் கணக்கில் காத்திருக்க, அவருக்கு அந்தக் கவுண்டரே தேவைப்படாது. ரயிலிலும் தெருவிலும் நிறுத்தப்படுவது பெரும்பாலும் அவராக இருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். யாருக்கு எந்த இடத்தில் இடைஞ்சல் என்பதை இருவரும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு கிளம்பினால், மற்றவற்றைச் சமாளித்துக்கொள்ளலாம்.

காகிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முறைப்பவனுக்கு நம்மிடம் பதில் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கும் அதிகாரிக்குப் பதில் வைத்திருக்க முடியும். நீங்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான காரியம். கோயிலில் தாலி கட்டி, படம் எடுத்து, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் எப்படியோ ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. அந்தச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். கிறிஸ்தவராகவே இருக்கும் வெளிநாட்டுக் கணவருக்கு அந்தச் சான்றிதழ் தூதரகத்தில் கைகொடுக்காது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டி வைப்பார்கள் என்பதால் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதற்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் காரணமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள், அந்தச் சான்றிதழ்தான் இனி உங்கள் பயணத்தின் ஆணிவேர்.

அதன் மூலப்பிரதியையும் இரண்டு நகல்களையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குச் சான்று சொல்லும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கலாமா என்றால், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்கட்டும். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது, பிரான்ஸ் போன்ற நாடுகளில் அந்த முத்திரை செல்லும். ஜெர்மனியோ இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு. பிற்காலத்தில் அங்கேயே குடியேறி உங்கள் திருமணத்தை அந்நாட்டில் பதிவு செய்ய வேண்டுமென்றால், ஜெர்மன் அதிகாரிகள் கேட்கும்போது இங்குள்ள அவர்களுடைய தூதரகம் தன் வழக்கறிஞர் ஒருவரை அனுப்பி, சார்பதிவாளர் அலுவலகம்வரை வந்து ஆவணத்தைச் சரிபார்க்கும். முத்திரைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இது தெரியாமல் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெயர். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பது நமக்குப் பெருமையாக இருக்கலாம். விமான நிலையக் கணினிக்கு அது ஒரு குழப்பம். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்து, பிறகு இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டுப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்வது நிரந்தரத் தீர்வு. கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள், கேட்க வேண்டாம். மனைவி பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயரை ஏற்றிக்கொண்டால், "கணவன் மனைவி என்கிறீர்கள், பெயர் வேறு வேறாக இருக்கிறதே" என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தையே விரித்துக் காட்டிவிடலாம்.

விசா விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன், தன் சொந்த நாடு அல்லாத வேறோர் உறுப்பு நாட்டுக்குக் குடும்பத்தோடு போகும்போது, 2004ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றின்படி அவருடைய மனைவிக்குக் கட்டணமில்லாமல், விரைவாக விசா தர வேண்டும். வங்கிக் கணக்கையும் சம்பளச் சீட்டையும் கேட்கக்கூடாது, திருமணச் சான்றும் சேர்ந்து பயணம் செய்வதற்கான சான்றும் போதும். எனவே நீங்கள் இருவரும் பிரான்சுக்கு மட்டும் போவதாக இருந்தால் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், கணவரின் சொந்த நாடான ஜெர்மனிக்குப் போவதற்கு அது பொருந்தாது. உங்கள் திட்டத்தில் மூன்று வாரம் ஜெர்மனி, நான்கு நாள் பாரிஸ் என்பதால் முதன்மைப் பயண நாடு ஜெர்மனிதான். அந்நாட்டிடம்தான், அதன் சொந்த விதிப்படி, விண்ணப்பிக்க வேண்டும். சுலபமாக முடிக்கப் பாரிசை முதன்மையாகக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எல்லையில் டிக்கெட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், அடுத்த விசாவும் போய்விடும். நீங்கள் ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூர் பக்கத்திலிருக்கிறதே என்று அங்கே போக நினைக்கலாம். அதற்கு முன் எந்த ஊரில் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் ஐரோப்பியர் வரிசை ஒன்றும் மற்றவர் வரிசை ஒன்றும் பிரியும். அங்கே பிரிய வேண்டாம். வரிசையை ஒழுங்குபடுத்தும் பணியாளரிடம் கணவன் மனைவி என்று சொல்லிக் கேளுங்கள்; எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் ஒரே வரிசைக்கு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் அவர் உங்களோடு நீண்ட வரிசையில் நிற்கட்டும், அதற்கு எந்தத் தடையும் இல்லை. துபாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு அங்கே இறங்கியதும் அனுமதி, உங்களுக்கு முன்கூட்டியே விசா. பொது இடத்தில் கட்டிக்கொள்வதும் முத்தமிடுவதும் வேண்டாம். நம் ஊரில் வளர்ந்தவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கணவரிடம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஜெர்மனியில் ரயிலில் போகும்போது கூட்டாட்சிக் காவலர்கள் பெட்டிக்குள் வந்து ஒரு சிலரிடம் மட்டும் ஆவணம் கேட்பது நடக்கிறது. இதை எதிர்த்து வழக்குகளும் நடந்திருக்கின்றன. 2012 ஜூலையில் இந்திய வம்சாவளி ஜெர்மானியர் ஒருவரை, செக் நாட்டு எல்லையைத் தாண்டி வந்த ரயிலில், மகள் பக்கத்தில் இருக்கும்போதே சோதித்தார்கள். அவர் பத்து ஆண்டுகள் விடாமல் போராடி, 2022 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார்: நிறப் பாகுபாடு நடந்ததா என்பதை ஜெர்மனி ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. 2014 ஜனவரியில் மைன்ஸிலிருந்து கொலோன் சென்ற ரயிலில் கறுத்த நிறமுடைய ஜெர்மானியத் தம்பதியைக் குழந்தைகளோடு இருக்கும்போது சோதித்த வழக்கில், தோல் நிறம் ஒரு காரணமாக இருந்திருந்தாலே சோதனை சட்டவிரோதம் என்று கோப்ளென்ஸ் உயர் நிர்வாக நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அதே 2016 நவம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் தோற்றத்தை மட்டும் வைத்து அடையாளச் சோதனை செய்வது அரசின் கடும் தவறு என்றது. ஆக, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இவ்வளவு தீர்ப்புகள் தேவைப்பட்டன என்பதிலிருந்தே நடைமுறை எப்படி என்றும் விளங்கும். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் வைத்திருக்கிறது. பாரிசிலிருந்து ரயிலில் திரும்பும்போது கேட்பார்கள் என்றே வைத்துக்கொண்டு, இருவரும் பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்திருங்கள். ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் உங்களுக்கு ஆகாது.

நிறுத்தும்போது என்ன செய்வது என்பதை என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து சொல்கிறேன். திருமணமான புதிதில் ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் என் மனைவி முன்னால் போய்விட்டார், என்னைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் திரும்பி வந்து அதிகாரியிடம் குரலை உயர்த்தினார்; எனக்கோ பதற்றம், "விடு, விடு" என்று அவரையே அடக்கினேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விசாரணை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது என் மனைவிக்கு அந்த அதிகாரி மேல் இருந்த கோபத்தைவிட என் மேல் இருந்த கோபம் அதிகம்: அநியாயத்தைப் பழகிப்போனவன் போல நான் நின்றேனாம். எனக்கு அவர் மேல் கோபம்: அவருக்கு அது ஒரு நாள் அனுபவம், எனக்கு ஒவ்வொரு முறையும் அதுதானே. அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை.

பிறகு நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நிறுத்தப்படுபவர் எவரோ, பேச வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார். மற்றவர் விலகிப் போகாமல், குறுக்கே பேசாமல், கண்ணில் படும் தூரத்தில் நிற்பார். நேரத்தையும் இடத்தையும் அதிகாரியின் அடையாள எண் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்வார். நான் தமிழில் "பரவாயில்லை" என்றால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள்; "இங்கே வா" என்றால் துணைக்கு வர வேண்டும். இந்த இரண்டு சொல்லையும் என் மனைவி தமிழ் கற்பதற்கு முன்பே கற்றுக்கொண்டார். உங்கள் விஷயத்தில் ரயிலில் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் கணவர். அவர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தால் இப்படிப் பலமுறை நின்றிருப்பார், அவருக்கென்று ஒரு முறை இருக்கும். கிளம்புவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விசா கவுண்டரில் முடிவு உங்களுடையது. அங்கே அவர் கோபப்பட்டால் பாதிப்பு உங்கள் விண்ணப்பத்துக்குத்தான்.

காவலர் அல்லாத பிறர் விஷயம் வேறு. ஓட்டலிலோ உணவகத்திலோ நிறத்துக்காக இடம் மறுத்தால், ஜெர்மனியில் 2006 முதல் சமநடத்தைச் சட்டம் இருக்கிறது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட கூட்டாட்சிப் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தரும். இழப்பீடு கேட்பதற்கு இரண்டு மாதக் கெடு என்பதை மறக்க வேண்டாம், ஊருக்குத் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு போய்விடும். தெருவில் முறைத்துப் பார்க்கும் வயதானவர்களுக்கு எந்த அலுவலகமும் கிடையாது. நிறம் கடந்த திருமணத்தைக் குற்றமாக்கிய சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று சொன்னது 1967 ஜூன் 12ஆம் தேதிதான். தென்னாப்பிரிக்கா தன் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை 1985இல்தான் நீக்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் உயிரோடு, நடைபயிற்சி செய்துகொண்டு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் அப்பாவின் பயம் பிராங்க்ஃபர்ட்டைப் பார்த்து வந்ததில்லை என்பது என் எண்ணம். 2012 நவம்பரில் ஒரு சாதி கடந்த திருமணத்தைக் காரணமாக வைத்து நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டத்தில் அவர் பெண் வளர்த்தவர். வேறு ஆளோடு மகள் வெளியே போகிறாள் என்றாலே அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது அங்கே கற்ற பாடத்தால். அவரிடம் ஐரோப்பியத் தீர்ப்புகளைச் சொல்லிப் பயனில்லை. போகும் ஊர்களின் பட்டியலையும், மாமனாரின் போன் எண்ணையும், தினமும் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்; சம்பந்திகள் இருவரையும் கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை வீடியோவில் பேச வையுங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மனைவி வெள்ளைக்காரர் என்பதால் காவேரிப்பட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்த உபசாரம் உங்கள் கணவருக்கு அப்படியே கிடைத்துவிடாது. கடல் தாண்டி வந்த மருமகளைத் தோளில் தூக்கிய அதே உறவினர்கள், அடுத்த தெருவிலிருந்து வந்த மருமகனை வாசலில் நிறுத்தியதையும் நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் நடக்கப்போவதை மட்டும் நினைத்துத் தயாராகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். என்னையே நம் மாநிலத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், மனைவிக்கு அறைச்சாவியைக் கொடுத்துவிட்டு, டிரைவர் தங்கும் இடம் பின்பக்கம் என்று அனுப்பினார்கள்.

மலேசியாவில் உங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கும் விசா விலக்கு இருப்பதால், ஒருவரும் விசாவுக்காக அலையாமல் இருவரும் ஒன்றாகப் போகக்கூடிய நாடு அது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட்டால் போதும், கிளம்பும் முன் விலக்கு தொடர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் தனிமையில் சேர்ந்து இருப்பதைத் தண்டிக்கும் மதச் சட்டம் அங்கே முஸ்லிம்களுக்கு மட்டும்தான். பத்துமலையில் யாராவது ஓர் அம்மா தமிழில், மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்பார், அதற்குத் தயாராக இருங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்று. வெளிநாட்டவர் தங்கும் இடத்தின் உரிமையாளர், அது ஓட்டலாக இருந்தாலும் உங்கள் அப்பாவின் வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குவதைத் தெரிவிக்கும் பாரத்தை நிரப்ப வேண்டும்; இணையத்திலேயே செய்துவிடலாம். மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி காவல் கண்காணிப்பாளர்தான். இந்த பாரத்தைப் பற்றித் தெரியாத பயத்தில்தான் சின்ன லாட்ஜுகள் வெளிநாட்டவர் என்றாலே அறை இல்லை என்று சொல்லிவிடுகின்றன. ஒகேனக்கல் போக நினைத்தால் முன்னமே போன் செய்து கேளுங்கள். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்ததும் அவர் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், பிறகு இந்திய விசாவுக்காக அலைய வேண்டியதில்லை.

மாம்பழக் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் மாம்பழத்தை ஐரோப்பாவுக்குப் பயணப்பெட்டியில் கொண்டுபோக முடியாது. தாவர நலச் சான்று இல்லாத பழத்தை எல்லையில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வெற்றிலைக்கும் அதே கதி. நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களுக்கும் அனுமதி இல்லை. டின்னில் அடைத்த மாங்கூழைப் பெட்டியில் வைத்து அனுப்பலாம். சான்று இல்லாமலே அவர்கள் அனுமதிக்கும் பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, பேரீச்சை, துரியன், தேங்காய், வாழைப்பழம். சம்பந்தி வீட்டில் தட்டு மாற்றுவதற்குக் கடைசி இரண்டும் போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.